மரை கழன்ற தொட்டி: லண்டன் தமிழ்க் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன் மாநகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தெருமுனைக் கடை நடத்திவரும் தமிழ் அன்பர்களுக்கு,

விடியுமுன் இரும்புக் கதவை உயர்த்திப் பாற்பெட்டிகளையும் பத்திரிகைக் கட்டுகளையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, இரவு பத்து மணி பதினொரு மணிவரை கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பிள்ளைகளைப் படிப்பித்து, ஊருக்கும் பணம் அனுப்பி வாழும் உங்களுக்கு, உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற ஒருவன் எழுதும் நீண்ட கடிதத்தைப் படிக்க அவகாசம் குறைவு என்பதை அறிவேன். ஆயினும் விஷயம் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சட்டத்துக்கு அடங்கிக் கதவிட்டு மூடிய சிகரெட் தட்டுகளுக்குப் பக்கத்தில், நிறநிறமான பெட்டிகளோடு பளபளத்துக்கொண்டிருக்கிறதே ஓர் அலமாரி, அதிலே கட்டைவிரலின் பருமனே ஆன, கண்ணாடியும் எஃகும் சேர்ந்த ஒரு சிறு தொட்டி விற்கிறீர்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆவிக்குழலின் பற்றரிமேல் பூட்டும் அதை நீங்கள் 'டாங்க்' என்கிறீர்கள். அது கழன்று விழுகிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் கற்பித்தவன் நான். பதினெட்டாம் வயதில் பற்றவைத்த சிகரெட்டை ஐம்பத்தொன்பதாம் வயதில்தான் அணைத்தேன். இடையில் நல்லூர்க் கந்தன்மேல் ஆணையிட்டும், பிள்ளைகள் தலையில் அடித்தும் செய்த சபதங்களுக்குக் கணக்கில்லை. 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆவிக்குழலானது சிகரெட்டைக் காட்டிலும் ஏறத்தாழ 95 வீதம் தீங்கு குறைந்தது என்னும் மதிப்பீட்டை வெளியிட, அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து என் தேநீர்க் கோப்பையின்கீழ் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போனாள் என் மகள். அதன் பிறகே இந்தக் கருவி என் கைக்கு வந்தது. தீங்கு குறைந்ததென்றால் தீங்கற்றது என்று பொருளாகாது என்பதையும், புகைக்காதவன் இதைத் தொடவே வேண்டியதில்லை என்பதையும், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இதை விற்பது இந்நாட்டில் குற்றம் என்பதையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவிக்குழலுக்கு வழங்கும் 'வேப்' என்ற சொல்லை முதன்முதல் கேட்டபோது என் மனைவிக்கு வேப்பம்பூ வடகந்தான் நினைவுக்கு வந்ததாம். இன்றைக்கும் அவளுக்கு வடகத்தின் மீதுள்ள மதிப்பு இதன் மீது இல்லை.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். சமையலறை மேசையில் பத்திரிகை விரித்துப் படித்துக்கொண்டிருந்தவன், இழுக்கும்போது பஞ்சு கருகிய வாடை வரவே, சூடேறி ஆவியெழுப்பும் சுருளை மாற்றலாமென்று எண்ணி, இடக்கையில் பற்றரியையும் வலக்கையில் தொட்டியின் தலைப்பையும் பிடித்துக்கொண்டு இடப்புறமாகத் திருகினேன். இசையவில்லை. இன்னும் சற்று அழுத்தித் திருகினேன். 'கிளுக்' என்றொரு சத்தம் கேட்டது. மேல்மூடியும் நடுக்குழாயும் வலக்கையோடு வந்துவிட்டன. அடித்தட்டோ பற்றரியின் தலையில் அசையாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆதரவிழந்த கண்ணாடி, எந்தப் பக்கம் போவதென்று யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, பின் சாய்ந்து, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தரையில் உருண்டது. உள்ளே இருந்தது 'ஜூஸ்' என்னும் நிக்கொட்டின் திரவம் இரண்டு மில்லிலீற்றர்தான், ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஆனால் கிளிசரினுக்குப் பாகின் குணம் உண்டென்பதால், அந்த அரைக்கரண்டி பத்திரிகையின் தலையங்கத்தை நனைத்து, என் சாரத்தில் இறங்கி, பற்றரியின் நடுவிலுள்ள குழிக்குள்ளும் புகுந்து நிறைந்தது. வீடு முழுவதும் செயற்கை மாம்பழ வாசனை. வாசலில் வந்து நின்று பார்த்த மனைவி, "இஞ்சேருங்கோ, மாமாவின்ரை சுருட்டு ஒருநாளும் உப்பிடிக் கழண்டு விழேல்லை" என்றாள்.

கண்ணாடி உடையவில்லை என்பதே அன்றைய பாக்கியம். மேசைக்காலின் அடியில் சிவப்பாக ஒரு ரப்பர் வளையம் கிடந்தது. தையல் நூலைவிடச் சிறிது தடித்தது. புதிதாக இருந்தபோது கண்ணாடியின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்த அது, மாதக்கணக்கில் ஜூஸில் ஊறி, சூட்டில் நெகிழ்ந்து, தன் பள்ளத்துக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. விரலில் வைத்து நீட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு. ஒரு பென்னிகூடப் பெறுமதியில்லாத அந்த வளையத்தை நம்பித்தான் அத்தனை எஃகும் கண்ணாடியும் ஒன்றாக நின்றிருந்தன.

தலைப்பைத் திருகினால் அடித்தட்டு வராமல் கண்ணாடி கழல்வது ஏன் என்று வாடிக்கையாளர் கேட்டால் நீங்கள் தோளைக் குலுக்குகிறீர்கள். விடை கடினமானதன்று. நம் வீடுகளில் பிரயாணத்துக்கு எடுத்துச்சென்ற பித்தளைக் கூஜாவை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரேயொரு திருகுமூடி. மூடியைப் பிடித்துத் திருகினால் மூடிதான் வரும், வேறொன்று வர வழியில்லை. இந்தத் தொட்டியிலோ மூடிக்கு ஒரு மரை, கண்ணாடியை அடித்தட்டோடு நெருக்கிப் பிடிக்கும் நடுக்குழாய்க்கு ஒரு மரை, அடித்தட்டைப் பற்றரியோடு சேர்ப்பதற்கு ஒரு மரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே திசையில் திறப்பவை. மேலே பிடித்துத் திருகும் கையின் விசை மூன்றின் ஊடாகவும் சமமாகவே போகும். எது தளர்ந்திருக்கிறதோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். மேலேயுள்ள மரைகள் நாள்தோறும் ஜூஸில் நனைந்து வழுக்கலாக இருக்கின்றன. அடியிலுள்ளதோ, கசிந்த ஜூஸ் சூட்டில் காய்ந்து பாகாகி, பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே அடி வருவதற்கு முன் நடு வருகிறது. பழைய சீன மாதிரி ஒன்றின் எண்ணைப் பெயராகக் கொண்டு '510' என்று வழங்கும் அந்த அடிமரையின் விட்டம் 7 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு அது நகர்வது அரை மில்லிமீற்றர். இவ்வளவு நுண்ணிய மரையைக் கைப்பலத்தால் இறுக்கிவைப்பவன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். நானும் அப்படி இறுக்கியவன்தான். புத்தி பேதலித்தவனை 'மரை கழன்றவன்' என்று நம்மவர்கள் சொல்வது இறுக்கம் போதாமையை எண்ணி. அதிக இறுக்கத்தாலும் மரை கழலுமென்பதை அன்றுதான் கண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி கழலாமலே ஒழுகுகிறது என்று சிலர் வருவார்கள். முற்றத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க ஒரு போத்தலை நிரப்பித் தட்டத்தில் கவிழ்த்து வைப்போம். தட்டம் குறையக் குறைய நீர் இறங்குமேயன்றி, எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. மேலே காற்றுப் புகவில்லை என்பதே காரணம். அந்தப் போத்தலின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டுப் பாருங்கள், முற்றம் நனைந்துவிடும். தொட்டியின் கதையும் அதுதான். மேல்மூடியின் வளையம் நைந்து காற்றுப் புகுந்தால், பஞ்சு தாங்கமாட்டாமல் ஜூஸ் முழுவதும் காற்றுத் துவாரங்கள் வழியே கீழே வந்துவிடும். வாடிக்கையாளர் அடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார், குற்றமோ தலையில். விமானத்தில் ஏறினால் இதற்கு மறுதலையாக, வெளியமுக்கம் குறைய உள்ளிருக்கும் காற்று விரிந்து ஜூஸை வெளியே தள்ளும். டொரொன்டோவிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது என் சட்டைப் பை அதற்குச் சாட்சியாயிற்று. இசைவிழாக் கேட்கச் சென்னைக்குப் போனபோது மட்டும் இந்தக் கவலை எனக்கில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் இதன் இறக்குமதியையும் விற்பனையையும் அடியோடு தடுத்திருப்பதால், தொட்டியை ஹாரோ வீட்டின் இழுப்பறைக்குள் பூட்டிவைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். அந்த விபத்துக்கு மறுநாட் காலை, கழன்ற துண்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டுக்கொண்டு, அதை வாங்கிய கடைக்குப் போனேன். கடை எதுவென்று சொல்லமாட்டேன். கல்லாவில் நின்ற தம்பி நல்லவர். பத்து வருஷமாக என்னை அறிந்தவர். "ஒரு வளையம் இருக்குமோ, தம்பி?" என்றேன். தகரத்துக்குள் எட்டிப் பார்த்தவர், "மாஸ்டர், உதுக்கு வளையம் தனிய வாறேல்லை. புதுசு ஒண்டு எடுங்கோ, இருபது பவுண்தானே" என்றார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பெட்டிக்குள் சிறியதொரு உறையில் மாற்றுக் கண்ணாடி ஒன்றும், வளையங்கள் நான்கும் இருந்தன! அவர் அதை அதுவரை கண்டதேயில்லை. எனக்கு விற்ற நாளிலும் பெட்டியைப் பிரித்துத் தொட்டியை மட்டும் கையில் தந்துவிட்டு, உறையையும் அட்டையையும் குப்பைக்கூடையில் போட்டார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கோபம் வரவில்லை, வருத்தந்தான் வந்தது. ஏனென்றால், உங்களில் பலருடைய பாட்டன்மார் யார்? தென்னிலங்கையின் சிங்கள ஊர்களில், தெருவோரத்திலே சிறு கடை வைத்து, யாழ்ப்பாணத்துச் சுருட்டை விற்றுப் பிழைத்தவர்கள். 'சுருட்டுக்கடை' என்ற பெயரே அவர்களால் அங்கு நிலைத்தது. அந்தக் கிழவர்களில் ஒருவரை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கட்டைப் பிரித்து, ஒரு சுருட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக் காதருகே பிடித்து, இலை முறுகுகிற ஒலியைக் கேட்டே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஈரமாயிருந்தால், கையில் காசோடு நிற்பவனிடமும் "இரண்டு நாள் கழிச்சு வா" என்று சொல்லி அனுப்புவார். தம் சரக்கை அவர் அறிந்திருந்தார். அவருடைய பேரர்களாகிய நீங்கள், அதைக்காட்டிலும் பன்மடங்கு சிக்கலான பொருளை விற்றுக்கொண்டு, பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றே பாராமலிருப்பது நியாயமா?

பழி முழுவதும் உங்கள் மேல் அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பியச் சட்டத்தைத் தழுவி 2016இல் இங்கே வந்த விதிகள், இத்தகைய கருவி உடைவுக்கும் ஒழுக்குக்கும் காப்புடையதாக இருக்கவேண்டும் என்றும், ஒழுகாமல் நிரப்ப வசதியிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. வாசிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதே விதிகள் தொட்டியின் கொள்ளளவை 2 மில்லிலீற்றருக்கும், ஜூஸ் போத்தலை 10 மில்லிலீற்றருக்கும் மேற்படாமல் கட்டுப்படுத்திவிட்டன. அதனால் முன்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை திறந்த தொட்டியை இப்போது மூன்று நான்கு தடவை திறக்கிறோம். ஒவ்வொரு திறப்பிலும் மரை தேய்கிறது, வளையம் நகர்கிறது. ஒழுகக்கூடாதென்று சொன்ன விதியே ஒழுகுவதற்கான சந்தர்ப்பத்தைப் பெருக்கிவிட்டதென்பது என் சொந்த அபிப்பிராயம். 2003இல் இக்கருவியின் தற்கால வடிவத்தைக் கண்டுபிடித்த சீன மருந்தாளர் ஹான் லிக் அவர்களும் தம் தகப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துத் தாமும் புகைத்துக்கொண்டிருந்தவர் என்பார்கள். அவர் எண்ணியது புகையை விடும் வழியை, மரை பொருத்தும் வழியையன்று. பின்னால் வந்த தெளிந்த பிளாஸ்டிக் தொட்டிகளைக் கறுவா ஜூஸும் எலுமிச்சை ஜூஸும் வெடிக்கச் செய்தன. அதன் பின்புதான் கண்ணாடி வந்தது. கண்ணாடி வந்ததும் வளையமும் வந்தது; வளையத்தோடு என் தலைவலியும் வந்தது.

இதை இப்பொழுது எழுதுவதற்கு விசேஷ காரணம் உண்டு. 2025 ஜூன் 1 முதல், ஜூஸ் தீர்ந்ததும் எறியும் குழல்களை விற்பது இந்நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டது. வாரந்தோறும் ஏறத்தாழ 50 லட்சம் குழல்கள் குப்பைக்குப் போகின்றன என்று 2023இல் கணக்கிட்டார்கள் என்றால், அத்தடையை யார் குறைகூறுவார்? ஆனால் அந்த எறிகுழலுக்கு மரையில்லை, வளையமில்லை, நிரப்புவதில்லை, கழுவுவதில்லை. விற்பவனும் வாங்குபவனும் ஒன்றும் கற்கவேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிய கைகள்தாம் இன்று தொட்டியைத் தூக்கியிருக்கின்றன. சிகரெட்டை விட்டு ஒரு மாதமேயான ஒருவனுக்குத் தொட்டி கழன்று கொட்டுகிற நாள் மிக ஆபத்தான நாள். அந்த மாலையில் அவன் கடைக்கு வருவான். வந்து உங்கள் பின்புறத்து அலமாரியின் மூடிய கதவைத்தான் காட்டுவான். எனக்கே அன்று அந்த எண்ணம் வந்து போயிற்று. மனைவியின் முகத்துக்கு அஞ்சி அடங்கினேன்.

ஆதலின், இதை வாங்குகிறவரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். தொட்டியைப் பற்றரியிலிருந்து எடுக்கும்போது தலையையோ கண்ணாடியையோ பிடிக்காமல், அடியிலுள்ள குறுகிய எஃகு வளையத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகும்படி செய்து காட்டுங்கள். சுருளை மாற்றுவதற்கு முன் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவிழ்த்தால் ஜூஸ் மூடியின் பக்கம் போய்விடும், அடித்தட்டைக் கழற்றினாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. பூட்டும்போது விரல் நுனியின் பலம் போதும். மரை தானாக நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் எல்லாத் துண்டுகளையும் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் வளையங்களில் ஒரு சொட்டு ஜூஸ் தடவிப் பூட்டினால் அவை முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் அமரும். ஒட்டிக்கொண்டு வராத மரைக்குக் குறட்டை எடுக்கிறவர்கள் உண்டு. என் நண்பரொருவர் அப்படியே கண்ணாடியை நொறுக்கி விரலையும் கீறிக்கொண்டார். பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு திருகினால் அதே மரை குழந்தைபோல் இணங்கிவிடும். மயிரிழைபோல் விரிசல் கண்ட கண்ணாடியை மட்டும் ஒட்டிச் சேர்க்கும் எண்ணமே வேண்டாம். அதையும், தூள் விழுந்திருக்கக்கூடிய சுருளையும் சேர்த்தே கழித்துவிட வேண்டும்.

சிந்திய ஜூஸைச் சாதாரணமாக எண்ண விடாதீர்கள். அதிலுள்ள நிக்கொட்டின் விஷம், தோலினூடாகவும் ஏறும், ஆகையால் முதலில் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும், தவழும் பிள்ளை உள்ள வீடென்றால் அதற்கும் முன் தரையைத் துடைக்கவேண்டும். பற்றரியின் குழிக்குள் போனதோ வேறு விதமான அபாயம். நான் அன்று செய்த ஒரே சரியான காரியம், பொத்தானை அழுத்திப் பார்க்காமல், உடனே உள்ளிருந்த இரண்டு செல்களையும் வெளியே எடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் குழியை ஒற்றி ஒற்றித் துடைத்து, ஒரு நாள் முழுவதும் காயவிட்டதுதான். 18650 என்று அவற்றின்மேல் எண் போட்டிருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்று பொருள். அவற்றைத் திறப்புக் கொத்தோடு ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவரைக் கண்டால் மறித்துச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். வளையமும் மாற்றுக் கண்ணாடியும் நீங்கள் தனியாக வாங்கிவைத்தாலும், ஒரு பெட்டி சூயிங்கத்துக்குப் போடும் முதல்கூட ஆகாது. பெட்டிக்குள் வருகிற உறையை எறியாமலிருந்தால் அதுவும் மிச்சம். கழிவான குழலையும் அதன் பாகங்களையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமை எப்படியும் உங்களுக்கு இருக்கிறது. அதற்கென்று வைத்த வாளிக்குள் வந்து விழும் தொட்டிகளில் பாதிக்கு வளையத்தைத் தவிர வேறு குறையில்லை என்பதை ஒரு நாள் கிளறிப் பார்த்தால் அறிவீர்கள். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலீற்றர் ஜூஸுக்கு 2.20 பவுண் தீர்வை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. என் சாரம் குடித்த அந்த அரைக்கரண்டிக்கு அப்போது தீர்வை மட்டுமே 44 பென்ஸ்.

அந்தத் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு, கூட்டம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பிஸ்கட் தகரத்தோடு வருகிறேன். எனக்குக் காட்டிய பெட்டியை மூடிவைத்தபோது அந்தச் சிறிய உறையைக் கல்லாவின் கீழே, லொத்தர்த் துண்டுகளுக்குப் பக்கத்தில் செருகியதைக் கண்டேன். எறிந்திராவிட்டால் எடுத்து வையுங்கள். நான்கில் சிவப்பு இரண்டும்தான் எனக்குச் சேரும், கறுப்பு வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் ஒருவன்,
ஹாரோ.